முப்பது வருடம் கழித்து மறுபடியும் விமான மாடல்: முதல் பெட்டி எதுவாக இருக்கலாம்?

கேட்டவர் சொன்னதன் சாரம் இது. பள்ளி, கல்லூரி நாட்களில் ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி விமான மாடல்கள் செய்துகொண்டிருந்தார். வேலை, குடும்பம் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது, ஓய்வும் கொஞ்சம் கிடைக்கிறது, மறுபடியும் தொடங்க ஆசை. மனதில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று, ஜப்பானின் டாமியா நிறுவனம் விற்கும் பெரிய 1/32 (நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் சண்டை விமானம். இரண்டு, அந்தக் காலத்தில் வாங்கிப் பிரிக்காமலே பரணில் கிடக்கும் ஒரு ஏர்ஃபிக்ஸ் கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி). மூன்று, நம் விமானப்படையின் சண்டை ஜெட்களான நாட் அல்லது மிக்-21. எதில் தொடங்கலாம் என்று கேட்கிறார்.

மூன்றிலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். மூன்றுமே நல்ல ஆசைகள், மூன்றையும் பிற்பாடு செய்யலாம். முதல் பெட்டிக்கு நான் சொல்வது வேறு: 2010ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ பாகங்களை வார்க்கும் அச்சு புதிதாக வெட்டப்பட்ட, ஒற்றை எஞ்சின் கொண்ட, வாலில் சக்கரம் உள்ள, இரண்டு மூன்று நிறத்தோடு முடிந்துபோகும் ஓர் இரண்டாம் உலகப்போர் சண்டை விமானம். அளவு 1/48 அல்லது 1/72. இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் புரிந்துவிட்டால் கடையில் நூறு பெட்டி அடுக்கியிருந்தாலும் நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

திரும்பி வருகிறவரையும் புதிதாகத் தொடங்குகிறவரையும் எல்லோரும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் விமானத்தை ஒட்டி முடித்தால் போதும், அவனுக்கு அது பறக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. இத்தனை வருடமாகப் படங்களையும் காணொளிகளையும் பார்த்திருக்கிறீர்கள். நல்ல மாடல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும், கைதான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இந்த நிலையில் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால், கிட்டின் குறை அது என்று உங்களுக்குத் தோன்றாது. கை போய்விட்டது, வயதாகிவிட்டது என்றுதான் தோன்றும். திரும்பி வந்தவர்களில் பலர் முதல் பெட்டியையே பாதியில் மூடி வைத்துவிடுவது இதனால்தான். ஆகவே முதல் கிட்டில் பாகங்கள் பொருந்துமா என்ற கேள்விக்கே இடம் இருக்கக் கூடாது. பிழை நேர்ந்தால் அது நம் கையுடையது, அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம் என்று நிச்சயமாகச் சொல்லும்படி இருக்க வேண்டும்.

அதற்குப் பார்க்க வேண்டியது அச்சு வெட்டிய வருடம். பெட்டியின் மேல் இருக்கும் பெயரையோ படத்தையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். பிளாஸ்டிக் கிட்டுக்கான எஃகு அச்சு விலை அதிகம், ஆனால் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதனால் பல நிறுவனங்களும் பழைய அச்சில் இன்னும் வார்த்து, புதுப் படம் போட்ட பெட்டியில் விற்கின்றன. தவறொன்றும் இல்லை, ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டாமியாவையே எடுத்துக்கொள்வோம். 1/48 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 கிட்டை அவர்கள் 1993இல் ஒருமுறை வெளியிட்டார்கள், 2018இல் அடியோடு புதிதாக அச்சு வெட்டி மறுபடி வெளியிட்டார்கள். ஒரே நிறுவனம், ஒரே விமானம், ஒரே அளவு, உள்ளே இருப்பது கால் நூற்றாண்டு இடைவெளி உள்ள இரண்டு வேறு கிட்கள். பழையதின் எண் 61032, புதியதின் எண் 61119. கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏர்ஃபிக்ஸில் இந்த வித்தியாசம் இன்னும் அகலமானது. அவர்களுடைய முதல் விமானக் கிட், ஒரு ஸ்பிட்ஃபயர், 1953இல் வந்தது. நிறுவனம் 1981இல் நொடித்து, கை மாறி மாறி, 2006இல் ஹார்ன்பியிடம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு கணினியில் வரைந்து வெட்டிய அச்சுகள் வரத் தொடங்கின. 2010 வாக்கில் வந்த 1/72 ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 2012இல் வந்த 1/72 மஸ்டாங், 2021இல் வந்த ஸ்பிட்ஃபயர் 5சி எல்லாம் இந்தப் புதுப் பரம்பரை. நீங்கள் சிறுவயதில் ஒட்டிய ஏர்ஃபிக்ஸை மனதில் வைத்துக்கொண்டு இவற்றைத் திறந்தால் ஆச்சரியப்படுவீர்கள். அதே சமயம் 1960களில் வெட்டிய அச்சில் வார்த்தவையும் அதே சிவப்புப் பெட்டியில் வந்துகொண்டிருந்தன. இரண்டும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும்.

பெட்டியைத் திறந்து பார்க்க விடும் கடையாக இருந்தால் இரண்டே விஷயம் பாருங்கள். உடம்பின் மேல் தகட்டுக் கோடுகள் மேலே புடைத்திருந்தால் அச்சு பெரும்பாலும் பழையது. உள்ளே குழிந்து, மெல்லிய கீறலாக இருந்தால் புதியது. இது அழகுக்காகச் சொல்வதில்லை. உடம்பின் இரண்டு பாதிகளை ஒட்டிய பிறகு அந்த மூட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். புடைத்த கோடுகள் அந்த இடத்தில் அழிந்துவிடும், திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. குழிந்த கோடானால் ஊசிமுனையால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இரண்டாவது, பாகங்களின் விளிம்பில் தோல் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது நிறைய இருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

கடையில் திறக்க விடவில்லை, இணையத்தில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், ஸ்கேல்மேட்ஸ் என்ற தளத்தில் கிட்டின் பெயரையும் எண்ணையும் தேடுங்கள். அந்த அச்சு முதலில் எந்த வருடம் வந்தது, இடையில் எந்தெந்த நிறுவனத்தின் பெட்டியில் புகுந்து வந்தது என்று கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். எழுபதுகளில் மேட்ச்பாக்ஸ் என்ற நிறுவனம் வெட்டிய அச்சுகள் பிற்பாடு ரெவல் என்ற வேறு நிறுவனத்தின் பெட்டிகளில் வந்த கதையெல்லாம் அங்கே தெளிவாகத் தெரியும். பல கிட்களுக்குச் செய்முறைத் தாளும் அங்கே கிடைக்கும். வாங்குவதற்கு முன் அதைப் படித்துப் பாருங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. காக்பிட்டை முடித்து உடம்பை மூடுவதற்கு முன் எத்தனை படி இருக்கிறது என்று பார்த்தாலே, கிட் உங்களுக்கு இப்போது ஏற்றதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, ஏன் வால்சக்கர விமானம். மூக்கில் சக்கரம் உள்ள விமானங்களில், ஜெட்களில் பெரும்பாலானவை அப்படித்தான், எடை பின்பக்கம் சாயும். மூக்குக்குள் ஈயம் வைத்து அடைக்காவிட்டால் முடித்த மாடல் வாலில் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு எடை, எங்கே வைப்பது, இடம் போதுமா என்பதையெல்லாம் உடம்பை மூடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். தூண்டில் ஈயக்குண்டு போட்டுச் செய்துவிடலாம், பெரிய வித்தை இல்லை. ஆனால் முதல் கிட்டில் அந்தக் கவலை எதற்கு? ஜெட்டில் இன்னொரு தொல்லை, காற்று உள்ளே போகும் குழாய். அதன் உள்சுவரில் நீளமாக ஒரு மூட்டு ஓடும், விரலும் உப்புத்தாளும் போகாத இடத்தில். ஏவுகணைகளையும் எண்ணெய்த் தொட்டிகளையும் தனித்தனியாக ஒட்டி, தேய்த்து, நிறம் பூச வேண்டும். இரட்டை இறக்கை விமானங்களில் மேல் இறக்கையைத் தாங்கும் தூண்களை ஒரே நேரத்தில் நேராக நிறுத்த வேண்டும், பிறகு கம்பி கட்ட வேண்டும். குண்டுவீச்சு விமானங்களில் நான்கு எஞ்சின் என்றால் ஒரே வேலையை நான்கு முறை செய்ய வேண்டும், கண்ணாடிப் பாகங்களும் ஏராளம்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், கிட் தேர்வில் பலரும் யோசிக்காத விஷயம் இதுதான். பெட்டியின் படத்தைப் பார்க்கும்போதே, இதற்கு என்ன நிறம், அந்த நிறத்தைக் கையால் பூச முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் அமெரிக்க மஸ்டாங் பார்க்க எளிது போலிருக்கும். ஆனால் உலோக நிறம் ஒவ்வொரு கீறலையும், தேய்க்காமல் விட்ட ஒவ்வொரு மூட்டையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். ஜெர்மன் விமானங்களின் பக்கவாட்டில் மேகத் திட்டுகளாகப் படரும் புள்ளிகளுக்கு ஏர்பிரஷ் (நிறத்தைக் காற்றோடு தூவும் கருவி) இல்லாமல் முடியாது. பெட்டியிலேயே தூரிகை, நிறம், பசை எல்லாம் வைத்து விற்கும், பிரிட்டனின் சாகசப் பறப்பு அணியான ரெட் ஆரோஸின் ஹாக் விமானத்தைத் தொடக்கக்காரருக்கென்று பரிந்துரைப்பார்கள். முழுச் சிவப்பு. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் அடியில் இருப்பதை எளிதில் மறைக்காத நிறங்கள். கையால் பூசினால் நான்கைந்து பூச்சு போன பிறகும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கைக்கு இணங்கும் நிறங்கள் மங்கலான பச்சை, மண் நிறம், சாம்பல், கடல் நீலம். 1940ஆம் வருட ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும் மேலே கரும்பச்சையும் மண் நிறமும் வளைந்து வளைந்து ஓட, கீழே வெளிறிய பச்சை கலந்த ஒரே நிறம். இந்த வளைவுகளைத் தூரிகையால் வரைந்து நிரப்பிவிடலாம், விளிம்பு கொஞ்சம் பிசகினாலும் உறுத்தாது. அமெரிக்கக் கடற்படையின் பிற்கால ஹெல்கேட், கோர்ஸேர் விமானங்கள் தலை முதல் வால் வரை ஒரே கடல் நீலம். போரின் கடைசிக் காலத்து ஜப்பானிய ஜீரோ விமானம் மேலே கரும்பச்சை, கீழே சாம்பல். ஆனால் ஜீரோவின் கேனப்பி (விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூடு) சட்டம் சட்டமாக நிறையக் கண்ணாடிகள் கொண்டது. ஒவ்வொன்றையும் டேப்பால் மறைத்துத்தான் சட்டத்துக்கு நிறம் பூச வேண்டும். அளவாக வெட்டிய மறைப்பு ஒட்டிகளை எடுவார்டு என்ற செக் நிறுவனத்தார் தனியாக விற்கிறார்கள். ஜீரோ மீது காதல் இருந்தால் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஸ்பிட்ஃபயரின் கேனப்பியில் சட்டங்கள் குறைவு. நான் மறுபடி மறுபடி ஸ்பிட்ஃபயருக்கே வந்து நிற்பதற்கு இதெல்லாம் சேர்ந்த காரணம்தான்.

இனி அளவு. 1/72 என்றால் ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம். 1/48 என்றால் ஓர் அடி கால் அங்குலமாகிறது. நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை 11.23 மீட்டர். அது 1/72இல் சுமார் 15.6 செ.மீ, 1/48இல் 23.4 செ.மீ, 1/32இல் 35 செ.மீ. சிறுவயதில் நீங்கள் ஒட்டியது பெரும்பாலும் 1/72ஆக இருந்திருக்கும். அதனால் கை தானாக அந்தப் பெட்டிக்குத்தான் போகும். ஆனால் அன்றைக்கு இருந்த கண் இன்றைக்கு இல்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். 1/72 காக்பிட்டில் கட்டுப்பாட்டுத் தண்டு என்பது அரிசியின் பருமன்கூட இல்லாத ஒரு துண்டு. அதை இடுக்கியில் பிடித்து, வெட்டிய தடத்தைச் சீவி, இருக்கைக்கு முன்னால் நேராக நிறுத்த வேண்டும். படிக்கக் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் என் ஓட்டு 1/48க்கே. பாகங்கள் விரலுக்கு அடங்கும், காக்பிட்டில் நிறம் பூசியது வெளியே தெரியும், முடித்த பிறகும் புத்தக அலமாரியில் அடங்கிவிடும். இடம் குறைவு, நிறைய விமானங்கள் செய்து வரிசையாக வைக்க ஆசை என்றால் 1/72தான் சரி. தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியும் மேசைக்கு நல்ல வெள்ளை விளக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். 1/48இல் சண்டை விமானம் அழகு, ஆனால் லங்காஸ்டர் மாதிரி பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றை அந்த அளவில் செய்தால் இறக்கை 65 செ.மீ. அதை வைக்கும் இடத்தை முதலில் வீட்டில் பேசி முடித்துவிட்டு வாங்குவது நல்லது.

பெயர் சொல்லியே சொல்கிறேன். பணம் தடையில்லை என்றால் டாமியாவின் 2018 ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 1/48. அதன் உடம்பும் இறக்கையும் சேரும் மூட்டில் பட்டி பார்க்கவே வேலை இருக்காது. சிக்கனமாகப் போக வேண்டும் என்றால் ஏர்ஃபிக்ஸின் புதிய 1/72 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 அல்லது 5சி. ஒரே நிறத்தில் முடிக்க ஆசை என்றால் எடுவார்டின் 1/72 ஹெல்கேட். எடுவார்டில் இரண்டு வகைப் பெட்டி உண்டு. ப்ரொஃபிபேக் என்றால் உள்ளே உலோகத் தகட்டில் பொறித்த நுண்பாகங்களும் கேனப்பி மறைப்பு ஒட்டிகளும் இருக்கும். வீக்எண்ட் என்றால் பிளாஸ்டிக்கும் டீகாலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) மட்டும். ப்ரொஃபிபேக் வாங்கினாலும் முதல் தடவை உலோகப் பாகங்களை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அவற்றுக்குப் பதிலான பிளாஸ்டிக் பாகம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். மறைப்பு ஒட்டிகளை மட்டும் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஹாபி பாஸ் என்ற சீன நிறுவனத்தின் எளிய 1/72 வரிசையையும் குறிப்பிட வேண்டும். உடம்பும் இறக்கையும் பெரிய பெரிய துண்டுகளாகவே வரும், ஒரே மாலையில் ஒட்டி முடித்துவிடலாம். மாடலாக அது ரொம்ப நுணுக்கமானது இல்லை. நிறம் பூசவும் டீகால் ஒட்டவும் கை பழக நல்ல களம். முதல் கிட்டுக்குப் பக்கத்தில் இதில் ஒன்றை வைத்துக்கொண்டால், எந்த நிறத்தையும் முதலில் அதில் பூசிப் பார்க்கலாம்.

ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்றதும் நமக்கென்ன சம்பந்தம் என்று தோன்றலாம். 1940இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்சண்டையில் பறந்த, பிரிட்டனின் ராயல் விமானப்படையின் 234ஆவது அணிக்கும் 79ஆவது அணிக்கும் ‘மதராஸ் மாகாணம்’ என்பது பெயரோடு சேர்ந்த அடைமொழி. போருக்கு நன்கொடை தந்த பகுதிகளின் பெயரை அணிகளுக்குச் சூட்டும் வழக்கத்தில் வந்தது அது. 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது, உடம்பில் ஏஇசட் என்ற எழுத்துகள். 79 ஹரிகேன் ஓட்டியது, என்வி எழுத்துகள். அந்த அணி 1942இல் இந்தியாவுக்கே வந்து பர்மாப் போர்முனையில் ஈடுபட்டது. இந்த எழுத்துகளைத் தனியாக விற்கும் டீகால் தாள்களிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நம் விமானப்படையின் அணிகளும் பர்மாவில் பெரும்பாலும் ஹரிகேனில்தான் பறந்தன. இந்திய விமானம்தான் வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு மிக எளிய வாசல் ஹரிகேன்தான் என்று நினைக்கிறேன்.

நாட் வாங்கப் போகிறவர்கள் விழும் ஒரு பள்ளத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் நாட் என்று இருப்பது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம், டி.1. பழைய அச்சும் அதுதான், புதிய அச்சும் அதுதான். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்களை எதிர்கொண்ட நம் நாட் ஒற்றை இருக்கைச் சண்டை விமானம். மூக்கும் வேறு, காக்பிட்டும் வேறு, இறக்கையும் வேறு. டி.1ஐ வாங்கி நம் வட்டச் சின்னத்தை ஒட்டினால் அது அந்த விமானம் ஆகாது. ஒற்றை இருக்கை நாட்டை 1/72இல் செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி வெளியிட்டிருக்கிறது. அது குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் வகை. பாகங்களை ஒன்றோடொன்று பொருத்த வழிகாட்டும் முளைகள் இருக்காது, நீங்களே பிடித்து நேர்பார்த்து ஒட்ட வேண்டும். நான்காவது ஐந்தாவது கிட்டாகச் செய்தால் ரசித்துச் செய்வீர்கள். மிக்-21க்கு எடுவார்டின் கிட்கள் அருமையானவை, ஆனால் ஜெட்டுக்கு மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் அதற்கும் உண்டு.

டாமியா 1/32 ஸ்பிட்ஃபயர் 2009இல் வந்தது. முழு மெர்லின் எஞ்சின், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் எஞ்சின் மூடி, அசையும் இறக்கை மடல்கள் என்று அது ஒரு பொறியியல் சாதனை. பாகங்கள் பிசகாமல் பொருந்தும். கடினம் என்பதற்காக நான் அதைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பல மாதம் உழைத்த பிறகுதான் உடம்புக்கு நிறம் பூசும் கட்டம் வரும். அப்போது அந்த வேலையை முப்பது வருடத்தில் முதல் முறையாக, உங்களிடம் இருப்பதிலேயே விலையுயர்ந்த மாடலின் மேல் செய்துகொண்டிருப்பீர்கள். சின்னக் கிட்டில் ஒட்டுதல், மூட்டுத் தேய்த்தல், நிறம், டீகால், மேற்பூச்சு என்ற முழுச் சுற்றும் சில வாரங்களில் முடிந்துவிடும். மூன்று சின்னக் கிட் முடித்தால் மூன்று சுற்று. கை பழகுவது சுற்றுகளின் எண்ணிக்கையால்தான், பெட்டியின் பருமனால் இல்லை.

பரணில் இருக்கும் பழைய பெட்டி விஷயத்தில் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. பிளாஸ்டிக் கெட்டிருக்காது. ஆனால் முப்பது கோடையின் வெக்கையில் மெல்லிய பாகங்கள் வளைந்திருக்கலாம். பசை காய்ந்திருக்கும். டீகால் பழுத்து மஞ்சளாகியிருக்கும், தண்ணீரில் போட்டால் துண்டு துண்டாகவும் போகலாம். மஞ்சளானதை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் ஓரளவு வெளுக்கும். நாலைந்து கிட் செய்து பட்டி பார்க்கவும் கோடு கீறவும் பழகிய பிறகு அதை எடுங்கள். அன்றைக்கு அதன் குறைகள் உங்களுக்கு வேலையாகத் தெரியும், சோர்வாகத் தெரியாது.

பசையும் அந்தக் காலத்தது இல்லை. குழாயிலிருந்து நூல் நூலாக இழுபட்டு வரும் கெட்டிப் பசையை மறந்துவிடுங்கள். டாமியாவின் எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி போட்ட சதுரக் குப்பி, தண்ணீர் போல் இருக்கும். உடம்பின் இரண்டு பாதியையும் பசையில்லாமல் சேர்த்து, டேப்பால் அங்கங்கே பிடித்துக்கொள்ளுங்கள். மூடியிலேயே இருக்கும் மெல்லிய தூரிகையை மூட்டின் மேல் லேசாகத் தொட்டால், திரவம் கோட்டின் வழியே தானாக உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். சில நொடி பொறுத்து இரு பக்கமும் விரலால் மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் முடி அளவுக்கு ஒரு கோடாக மேலே பிதுங்கும். அதுதான் வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு அந்தக் கோட்டைச் சீவி, தண்ணீர் தொட்டு நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் மூட்டு இருந்த இடமே தெரியாது. டேப் இருக்கும் இடத்தில் மட்டும் தூரிகையை வைக்காதீர்கள், பசை டேப்புக்கு அடியில் ஓடி மேற்பரப்பைத் தின்றுவிடும். கேனப்பிக்கு இந்தப் பசையும் ஆகாது, ஃபெவிக்விக்கும் ஆகாது. ஃபெவிக்விக்கின் ஆவி கண்ணாடியை வெண்மையாக மூட்டம் போடவைக்கும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமற்றுப் போகும், கூடுதலாக வந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

நிறத்துக்குக் கையால் பூசுகிறவர்கள் வயெஹோ மாதிரி தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வாங்குங்கள். டாமியாவின் அக்ரிலிக் ஏர்பிரஷில் அற்புதம், ஆனால் தூரிகையில் இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுக்கும். முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு நிறத்தை நீர்க்கக் கலந்து மூன்று நான்கு பூச்சு. மே மாத வெயிலில் நிறம் தூரிகையிலேயே காய்ந்துவிடும், உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்த்தால் தூரிகைத் தடம் விழாது. ஏர்பிரஷும் கம்ப்ரஸரும் இப்போது வேண்டாம். இரண்டாவது கிட் முடிந்த பிறகும் இந்த ஆர்வம் இப்படியே இருந்தால் வாங்குங்கள். ஸ்ப்ரே கேனில் வரும் லேக்கர் பிரைமரைச் சென்னை போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அடிக்கக் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, வெண்சாம்பல் பூத்துவிடும். வெயில் அடிக்கும் முற்பகலில், காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு அடியுங்கள்.

வாங்கும் வழி பற்றிக் கொஞ்சம். பொம்மைகள் என்ற தலைப்பில் வரும் பொருட்களுக்கு இறக்குமதித் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அளவு குறைத்துச் செய்யும் மாடல்களும் அந்தத் தலைப்பில்தான் அடங்குகின்றன. வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு இங்கே கேட்கும் விலையில் திகைக்காதீர்கள். நேரடியாக வரவழைத்தாலும் தீர்வை வீட்டு வாசலில் வந்து நிற்கும். உறவினர் யாராவது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தால் கிட்டை மட்டும் சொல்லிவிடுங்கள். பசையும் லேக்கரும் ஸ்ப்ரே கேனும் தீப்பற்றும் பொருட்கள், விமானத்தில் கொண்டுவரும் பயணப் பெட்டியில் வைக்கச் சொல்லி அவர்களைச் சிக்கலில் விடக் கூடாது. அவற்றை இங்கேயே வாங்குங்கள். கிட் கைக்கு வந்ததும் டீகால் தாளை மட்டும் எடுத்து, ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் உறையில் போட்டு, பீரோவில் தட்டையாக வைத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் பெட்டிக்குள் முதலில் கெடுவது அதுதான்.